நாற்பத்திரண்டு சோடாப்பெட்டிகளும் வீட்டுக்காரரும்

2009 பிப்ரவரி 1. வீட்டு முன்பணம். 5,400.00
2012 மார்ச் 12. பெட்டி 6. 90.00
2012 ஏப்ரல் 2. பெட்டி 9. 135.00
2012 ஏப்ரல் 30. பெட்டி 9. 162.00
2012 ஜூன் 11. பெட்டி 12. 216.00
2012 ஜூலை 9. பெட்டி 6. 120.00
2023 செப்டம்பர் 4. சுவர்ச் சேதம் என்று கேட்டது. 1,800.00

மொத்தம் நாற்பத்திரண்டு பெட்டிகள், விலை 723. அந்தப் பெட்டிகளை வைத்திருந்ததற்காகக் கேட்கப்பட்ட அபராதமோ அதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பைக்காரம்மாவுக்கு 2023இல் வந்த கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ள முதலில் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

பை, பெட்டி, குடை, ஜிப் எதுவானாலும் அவளிடம்தான் பழுதுக்கு வரும். வாடகைக்கு எடுத்த இரண்டு அறை வீட்டின் முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. சன்னலில் ஒரு பெரிய சூட்கேஸ் சக்கரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், அவ்வளவுதான். பள்ளிப் பையின் அறுந்த வாரிலிருந்து விமானத்தில் நசுங்கி வந்த பெட்டிவரை எல்லாம் அவள் கைக்கு வந்து, காலூன்றிப் போகும். ஜிப்பின் பல் போய்விட்டதா, மேலும் கீழும் ஓடும் ரன்னர் மட்டும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமலே, இழுக்கும் சத்தத்தை வைத்துச் சொல்வாள்.

2012க்கு முன் அந்த அறையில் எல்லாமே தரையில்தான் கிடந்தது. பையின் மேல் பை, அதன் மேல் ரன்னர் டப்பா, அதன் மேல் யாரோ ஒருவரின் குடை. ஒருமுறை கறுப்புப் பெட்டி மாறிப்போய், துக்கத்துக்குக் கிளம்பியவர் கல்யாணத்துக்குப் போகிறவரின் பட்டுத் துணிகளோடு ரயிலேறிவிட்டார். அன்றிலிருந்து அலமாரி வேண்டும் என்று அவள் மனதில் விழுந்தது. தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டாள். "சுவத்துல பிடிச்சாத்தான் நிக்கும்" என்றார் அவர். வாடகைப் பத்திரத்தின் ஏழாவது விதியோ, சுவரில் ஆணி அடிப்பதும் துளையிடுவதும் கூடாது என்றது. தச்சரை அனுப்பிவிட்டாள். கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் அவளைப் பொறுத்தவரை போட்டாயிற்று.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு சோடாத் தொழிற்சாலை இருந்தது. 2012இல் அவர்கள் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினார்கள். பழைய மரப்பெட்டிகளைத் திங்கட்கிழமைகளில் பின்வாசலில் வைத்து விற்றார்கள். மற்றவர்கள் விறகுக்கு வாங்கிப் போனார்கள். இவள் அளவு நாடாவோடு போனாள். நீளம் 46 சென்டிமீட்டர், அகலம் 31, ஆழம் 27. நாற்பத்திரண்டும் ஒரே அளவு. உள்ளே பாட்டில் நிற்கும் கம்பித் தடுப்புகளை இரும்பறுக்கும் வாளால் அறுத்து எடுத்தாள். பிறகு பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள். திறந்த வாய் அறையைப் பார்க்க, அடிப்பலகை சுவரைப் பார்க்க, அது ஒரு தட்டாகிவிட்டது.

அடுத்துச் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். அப்படிப் படுக்க வைத்தபோது, தூக்குவதற்காக இரு முனையிலும் வெட்டியிருந்த கைத்துளைகள் பக்கத்துப் பெட்டியின் கைத்துளைகளோடு நேருக்கு நேர் வந்து நின்றன. அந்தத் துளைகளுக்குள் பழைய பைகளின் நைலான் வாரை விட்டு, பக்கிள் மாட்டி இறுக்கினாள். வரிசைக்கு ஆறு பெட்டி, ஏழு வரிசை. பக்கத்துப் பெட்டிகளைச் சேர்க்க முப்பத்தைந்து வார். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கையும் சுற்றிக் கட்ட ஆறு நீள வார். ஆக நாற்பத்தொரு பக்கிள். பெட்டிகளின் முதுகுப் பலகைக்கு உள்பக்கமாகச் சூட்கேஸ்களில் மீந்த உள்துணியை ஒட்டினாள். நீலம், சாம்பல், கோடு போட்டது என்று கைக்குக் கிடைத்த துணியெல்லாம் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு யார் கடைக்கு வந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"ஒரு ஆணி கிடையாது, தெரியுமா? பூகம்பம் வந்தா நானும் அலமாரியும் கைகோத்துட்டு வெளிய வந்துடுவோம்."

அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் கணவருக்கு வேறு எங்கோ ஒரு வேலை வந்துவிடும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். அவர் ஏன் எழுந்து போகிறார் என்று பதினோரு வருடம் அவள் யோசித்ததே இல்லை.

2023 ஆகஸ்ட் 1 அன்று, அக்டோபர் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டின் உரிமையாளர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். காரணம் 'சொந்தத் தேவை' என்று எழுதியிருந்தார். பைக்காரம்மா அதற்குக் கோபப்படவில்லை. வாடகை வீடு என்றால் ஒருநாள் போகத்தானே வேண்டும்? இரண்டு தெரு தள்ளி வேறு வீடும் பார்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. ஜிப் வாங்கப் போனவள் கண்ணாடிக் கடையின் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து நின்றாள். 'இரண்டு அறை வீடு வாடகைக்கு. சுவர் முழுவதும் மர அலமாரி வசதி.' கீழே ஒரு புகைப்படம். அவளுடைய அலமாரி, அவளுடைய பைகள், ஓரத்தில் அவளுடைய முழங்கையே தெரிந்தது. ஜூன் மாதம் குழாய்க் கசிவைப் பார்க்க வந்தவர் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்தது கசிவுக்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சொந்தத் தேவைன்னு எழுதுனீங்களே சார். இதுவா உங்க சொந்தத் தேவை?"

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கண்ணாடியை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். "கத்தாதீங்கம்மா. கஸ்டமர் இருக்காங்க."

"உங்க கஸ்டமருக்குக் கண்ணுதானே கோளாறு? காதுமா?"

"அலமாரி வீட்டோட இருக்கு. வீடு என்னோடது."

"நான்கூடத்தான் பதினாலு வருஷமா வீட்டோட இருக்கேன். என்னையும் சேர்த்து வாடகைக்கு விட்டுருவீங்களா?"

உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் சிரித்துவிட்டார். கண்ணாடிக்கடைக்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பத்திரத்த எடுத்துப் படிங்க. பதினொண்ணாவது விதி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 4 அன்று வந்த கடிதத்தில் அந்த விதியை எடுத்து எழுதியிருந்தார். 'சுவரில் பொருத்தப்பட்டவை அனைத்தும் வீட்டைச் சேர்ந்தவை.' ஆகவே அலமாரியைத் தொடக்கூடாது. அதே கடிதத்தின் அடுத்த பத்தியில் ஏழாவது விதி. சுவரில் துளையிட்டதற்குச் சேதம் 1,800, முன்பணத்தில் கழிக்கப்படும்.

"மீசைக்கும் ஆசை, கூழுக்கும் ஆசை" என்று பல்லைக் கடித்தாள் பைக்காரம்மா. "பொருத்தியிருக்குன்னு சொல்லி அலமாரி வேணுமாம். பொருத்தினதுக்குக் காசும் வேணுமாம். பொருத்தவே இல்லைய்யா! ஒரு ஆணி இல்ல அதுல!"

அலமாரி போனால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். சோடாத் தொழிற்சாலை மூடி ஆறு வருடம் ஆகிவிட்டது. அப்படி ஒரே அளவில் நாற்பத்திரண்டு பெட்டிகள் இனி எந்தத் திங்கட்கிழமையும் கிடைக்காது. கடை மறுபடி தரைக்கு இறங்கிவிடும்.

செப்டம்பர் 6 அன்று வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் அலுவலகத்துக்கு மனு எழுதினாள். நான்காவது வாக்கியம் இது: 'இந்த அலமாரி சுவரில் எந்த இடத்திலும் பொருத்தப்படவில்லை; சுவரில் ஒரு துளைகூட இல்லை.' லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்று படித்தார்.

"இவ்வளவு உறுதியா எழுதணுமா?"

"ஏன், உங்களுக்குச் சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாப் பேசாதீங்க. எனக்கு இருக்கற எரிச்சல்ல பொதுவா எதையாவது தூக்கி வீசிருவேன்."

கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மனுவின் நகல் கிடைத்ததும், நேரில் பார்க்கிறேன் என்று கண்ணாடிக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். செப்டம்பர் 10, ஞாயிறு, காலை பத்து மணி. அவள் அவரை அறையின் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். "நல்லாப் பாத்துக்கங்க சார். சத்தம் மட்டும்தான் கேக்கும்."

ஏணி போட்டு ஏறி, அடுக்குகளைச் சுற்றிய நீள வார்களைத் தளர்த்தினாள். பிறகு மேல் வரிசை. டக், டக் என்று பக்கிள்கள் கழன்றன. முதல் பெட்டியைத் தூக்கிக் கணவரிடம் கொடுத்தாள். இரண்டாவது, மூன்றாவது. "எங்க சார் ஆணி? கண்ணாடிக் கடைதானே வெச்சிருக்கீங்க, நல்ல கண்ணாடியாப் போட்டுட்டுத் தேடுங்க." நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதையும் ஆறாவதையும் எடுத்தாள். பழைய தள்ளுவண்டிச் சக்கரங்கள் போட்டு வைக்கும் பெட்டி அந்த நான்காவது. யாரும் அடிக்கடி தொடாதது. கடைசியில் அதில் கை வைத்தாள்.

பெட்டி வரவில்லை.

சக்கரங்களின் கனம் என்று நினைத்து அவற்றை அள்ளிக் கீழே போட்டாள். மறுபடி இழுத்தாள். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. உள்துணியின் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தாள். அடிப்பலகையில் இரண்டு திருகாணிகள், தலைக்கு அடியில் அகலமான வட்டத் தகட்டோடு, சுவருக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. வேலை சுத்தமாக இருந்தது. அத்தனை சுத்தமாகத் திருகாணி இறக்கும் கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

ஏணியின் மேலிருந்து அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். "சத்தம் மட்டும்தான் கேக்கும்னீங்க. கேட்டுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது விசிலடித்துக்கொண்டே போனார்.

அந்த விசில் தெருமுனை தாண்டும்வரை பைக்காரம்மா ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"எப்ப அடிச்சீங்க?"

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. ஆகஸ்ட் பதினெட்டு. நீ உன் தங்கச்சியப் பாக்கப் போயிருந்த."

"தேதி வேற ஞாபகம் வெச்சிருக்கீங்க."

"நம்ம பாப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு. அதுல கால் வெச்சு ஏறிட்டிருந்தா. சாஞ்சு விழுந்துட்டா என்ன பண்றது? லிஃப்ட்ல நாலு கயிறு போதும்னா ஆறு போடுவோம். அதுக்கும் மேல, அறுந்தா பிடிக்கறதுக்கு அடியில ஒரு பிடி வெப்போம். அப்படிப் பழகின கை…"

"லிஃப்டுக்குள்ள எத்தனை பேர் ஏறலாம்னு எழுதி ஒட்டுவீங்க இல்ல? ஏறுறவங்களுக்குத் தெரியணும்னு? எனக்கு ஏன் ஒட்டல?"

அவர் கையில் இருந்த பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தார்.

"பதினோரு வருஷம். ஊரெல்லாம் ஒரு ஆணி இல்ல, ஒரு ஆணி இல்லன்னு தம்பட்டம் அடிச்சேன். நீங்க அதக் கேட்டுக் கேட்டு எழுந்து எழுந்து போனீங்க. பாப்பா விழுந்துடுவான்னு பயந்தீங்க, சரி. சொல்லியிருந்தா நானே ஏணியப் பிடிச்சிருப்பேன். நான் கட்டினது நிக்காதுன்னு முடிவு பண்ணிட்டு, நிக்குதுன்னு என்னையே ஏமாத்தினீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல. இப்போ அந்த ஆள் விசிலடிச்சுட்டுப் போறான். மனுவுல நான் பொய் சொன்னவ!"

ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. வாடிக்கையாளர்களின் பைகளில் கட்டும் சீட்டையே எடுத்து, 'சாப்பாடு மேசையில். காத்திருக்க வேண்டாம்' என்று எழுதிப் பாத்திரத்தில் கட்டி வைப்பாள். அவரும் அதன் பின்பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார். அது அவளுக்கு இன்னும் கோபமூட்டியது. கழற்றிய ஐந்து பெட்டிகளையும் தானே ஏணி ஏறித் திரும்ப மாட்டினாள். அவரை ஏணியைக்கூடப் பிடிக்க விடவில்லை.

அக்டோபர் 9 அன்று விசாரணை. கண்ணாடிக்கடைக்காரர் தன் தரப்பை எழுத்தில் அனுப்பிவிட்டதால் வரவில்லை. கணவரை அவள்தான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அறையில் விசாரணை அதிகாரி, தட்டச்சு செய்யும் எழுத்தர், அவள், மூவர்தான். அதிகாரி மனுவைப் புரட்டினார்.

"துளையே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு திருகாணி இருக்குன்னு அவர் எழுதியிருக்காரே?"

"இருக்கு சார். எழுதினப்ப எனக்குத் தெரியாது. நான் அடிக்கல."

"பின்ன யாரு அடிச்சாங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுக்காரரேவா?"

"அவரேதான். நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து அடிச்சிருக்கார்."

"உங்களக் கேக்காமலா? உள்ள எப்படி வந்தார்?"

அவளுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் பட்டது. ஆனாலும் சொன்னாள். "சாவி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கே சார்."

"அடப்பாவமே" என்றார் எழுத்தர், தட்டச்சை நிறுத்தாமலே.

"இத்தனை வருஷமா மூச்சே விடலையா அவர்?"

"ம்ஹும். ஆணி இல்ல ஆணி இல்லன்னு நான் சொல்றதக் கேட்டுட்டு மெல்ல எழுந்து போயிடுவார். அவரை என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

"நாங்க பாத்துக்கறோம்மா" என்றார் அதிகாரி, கனிவாக. முடிவு வரும்வரை அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், இருவரும் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். குடும்பச் சண்டைக்கு அலுவலகத்தில் இவ்வளவு அக்கறையா என்று அவள் சற்று வியந்துதான் வீட்டுக்கு வந்தாள்.

அக்டோபர் 16 காலை, விசாரணைக் குறிப்பின் நகல் இரு தரப்புக்கும் தபாலில் வந்தது. அவள் தன் உறையைப் பிரிக்கும் முன்பே கண்ணாடிக்கடைக்காரர் தன் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

"நான் உங்க வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா நுழைஞ்சேனா?"

"என்ன உளர்றீங்க?"

"படிங்க!"

படித்தாள். 'வீட்டு உரிமையாளர், மனுதாரர் ஊரில் இல்லாத வேளையில், தம்மிடமிருந்த மாற்றுச் சாவியைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்து, மனுதாரருக்குத் தெரியாமல் இரண்டு திருகாணிகளை இட்டு, அதைப் பதினோரு ஆண்டுகள் மறைத்துள்ளார்.'

இரண்டாம் முறை படித்தபோதுதான் விளங்கியது.

"நான் எங்க வீட்டுக்காரரச் சொன்னேன்."

"நான்தானேம்மா வீட்டுக்காரர்!"

"நீங்க வீட்டுக்காரர். அவர் எங்க வீட்டுக்காரர்."

"இந்த வித்தியாசம் அந்த ஆபீசுல யாருக்குத் தெரியும்? என் சொந்தக்காரங்கள்லாம் இதப் படிச்சா என்னாகும்? இப்பவே போய் மாத்தி எழுதிக் குடுங்க!"

'இப்பவே' என்ற சொல்லில் அதட்டல் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "முழங்கைய போட்டோ எடுத்துக் கடைக் கதவுல ஒட்டினப்ப என் சொந்தக்காரங்களக் கேட்டீங்களா? மாத்த முடியாது. போங்க சார்."

கதவைச் சாத்திவிட்டாள்.

சத்தம் கேட்டு மாடி வீட்டில் குடியிருந்த நாத்தனார் இறங்கி வந்தாள். லிஃப்ட்காரரின் தங்கை. விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி, இதவிட அதிர்ஷ்டம் வேணுமா? ஆணி அடிச்சது அந்த ஆளேன்னு ஆயிடுச்சு. அலமாரியும் உங்களுக்கு, முன்பணமும் உங்களுக்கு. வாய்ல வந்து விழுந்த பழத்த யாராவது துப்புவாங்களா? கம்முனு இருங்க."

"நாம பொய் சொல்லலையே" என்றார் லிஃப்ட்காரர் மெதுவாக. "நீ சொன்னது நிஜம். எழுதினவங்க அப்படி எழுதிட்டாங்க. விட்டுறலாம்."

பைக்காரம்மா அவரைப் பார்த்தாள். ஒரு மாதமாகக் கூனியிருந்த தோள்கள் நிமிர்ந்திருந்தன. செய்த தப்பை வேறொருவர் தலையில் யாரோ ஏற்றிவிட்ட நிம்மதி அது. அந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது. சும்மா இருந்தால் அலமாரி அவளுக்கு. வாயைத் திறந்தால் பதினொன்றாவது விதி வந்து அதை அள்ளிக்கொண்டு போகலாம். இரண்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"காகிதம் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"அண்ணி! பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் நாத்தனார். "அந்த ஆள் மேல இரக்கமா?"

"இரக்கமா? அந்த ஆளத் திட்ட எனக்கு நூறு காரணம் இருக்கு. இது அதுல இல்ல. இது உங்க அண்ணன் செஞ்சது. இதுக்கு வாங்கிக்கட்டிக்க வேண்டியது உங்க அண்ணன். இதக் கொண்டுபோய் அந்த ஆள் பேர்ல எழுதி வெச்சுட்டா, இவர நான் எந்த முகத்தோட திட்டறது?"

அக்டோபர் 17 தேதியிட்ட அந்தக் கடிதத்தின் நகல் இருக்கிறது. 'நான் எங்க வீட்டுக்காரர் என்று சொன்னது என் கணவரை. வீட்டின் உரிமையாளர் என் வீட்டுக்குள் மறைந்து நுழைந்ததில்லை. வாடகை வாங்க நேராகவே நுழைவார். என் மனுவின் நான்காவது வாக்கியம் தவறு. எழுதியபோது அது தவறென்று எனக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும்.' கடைசி வாக்கியத்துக்குக் கீழே லிஃப்ட்காரரைக் கையெழுத்திடச் சொன்னாள். பேனா இரண்டு முறை நின்றது. பிறகு போட்டார்.

அக்டோபர் 28 அன்று புது வீட்டுக்குப் போனார்கள். அலமாரி பழைய வீட்டிலேயே நின்றது. சாவி கண்ணாடிக்கடைக்காரரிடம். சரக்கெல்லாம் பதினான்கு சாக்கில் கட்டி வந்தது. ஒரு ரன்னர் வேண்டுமென்றால் ஒரு சாக்கைக் கவிழ்க்க வேண்டும். காலையில் வாடிக்கையாளர் கொடுத்த பையை மாலைக்குள் முடிக்க முடியாமல் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் என்பதால் அதையும் அதட்டித்தான் கேட்டாள். ஒரு வாரத்தில் இரண்டு பேர் பழுது பார்க்காமலே பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. இரண்டு பக்கம். நாற்பத்தொரு பெட்டிகள் ஒன்றோடொன்று வாரால் மட்டுமே இணைக்கப்பட்டுள்ளதால் அவை பொருத்தப்பட்டவை ஆகா, மனுதாரருக்கே உரியவை. மேல் வரிசையில் இடமிருந்து நான்காவது பெட்டி மட்டும் சுவரில் பொருத்தப்பட்டுள்ளது. பதினொன்றாம் விதிப்படி அது வீட்டைச் சேரும். அந்தப் பெட்டியைத் தன்னுடையதாகக் கேட்கும் உரிமையாளர், அதைத் தாங்கி நிற்கும் துளைகளைச் சேதம் என்றும் கேட்க முடியாது. ஆகவே 1,800 தள்ளுபடி. கீழே அதிகாரி கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'திருத்தக் கடிதம் கிடைத்தது. குறிப்பு மாற்றப்பட்டது.'

"ஒரு பெட்டி போச்சு" என்றாள்.

மறுநாள் கைவண்டி வைத்துப் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரர் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார். அவளும் எண்ணினாள். இருவரும் சத்தமாக எண்ணியதில் இருபத்தேழாவது பெட்டிக்கு ஒரு சண்டை வந்து, முதலிலிருந்து எண்ணினார்கள். நாற்பத்தொன்று. கடைசியில் அவள் ஏணி ஏறி, சுவரில் தனியாக நின்ற அந்தப் பெட்டியின் உள்துணியைப் பற்றி ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"அதையும் எடுக்கறீங்களா?" என்றார் அவர்.

"பொருத்தினது பெட்டி. துணி ஒட்டினது. எழுதியிருக்கறதப் படிங்க."

புது வீட்டில் அலமாரியை அடுக்கி முடித்ததும் லிஃப்ட்காரர் அதன் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். மேல் வரிசையில் ஐந்து பெட்டிதான்.

"சாஞ்சுடுமோன்னு இருக்கு."

"இந்த வீட்டுப் பத்திரத்துலயும் ஆணி கூடாதுன்னு இருக்கு. படிச்சீங்களா?"

"படிச்சேன். ஆணி இல்ல. கீழ் வரிசைக்கு அடியில, முன்பக்கமா ஒரு விரல் கனத்துக்குச் சட்டம் குடுத்தா, மொத்தமும் சுவத்துப் பக்கம் சாஞ்சு நிக்கும். முன்னால விழாது." திரும்பி அவளைப் பார்த்துக் கேட்டார். "செய்யட்டா?"

அவள் ஒரு ரன்னரை ஜிப்பில் ஏற்றி, மேலும் கீழுமாக நான்கு முறை இழுத்துப் பார்த்தாள். "செய்ங்க. நான் பாத்துட்டேதான் இருப்பேன்."

அவர் சட்டத்தைச் சொருகி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். முடிந்ததும் கைகால் கழுவி வந்தவருக்குத் தன் கையால் டீ கொடுத்தாள். சீட்டு எதுவும் கட்டவில்லை. ஆனால் ஒரு ஆணி இல்லை என்ற அந்தப் பேச்சை அதன் பிறகு யாரிடமும் அவள் பேசவில்லை. கேட்பவர்களிடம், "அவரக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்" என்று கணவர் பக்கம் கையைக் காட்டினாள். அவர் இருக்கும்போதெல்லாம் காட்டினாள். எழுந்து போக முடியாதபடி காட்டினாள்.

கண்ணாடிக்கடைக்காரரிடமிருந்து பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. அலமாரியைப் பார்த்து வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. வேறு ஒருவர் குடிவந்திருக்கிறார். நல்ல உயரமான ஆள். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் பெட்டியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டுவிட்டார். ஆகவே 'தங்களுடைய பெட்டியை' உடனே கழற்றி எடுத்துக்கொண்டு, சுவரைப் பூசித் தரவேண்டும்.

லிஃப்ட்காரர் திருப்புளியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "ரெண்டு நிமிஷ வேலை. போய்ட்டு வந்துடட்டா?"

"யாரோட பெட்டி அது?"

"நம்மளோ… அவரோடது."

"அப்ப உக்காருங்க" என்றாள் பைக்காரம்மா. "வீட்டோடது வீட்டோடயே இருக்கட்டும்."

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதப்படவில்லை. அது வந்த தேதி 2023 டிசம்பர் 6, புதன்கிழமை.